நாற்காலிக் காலும் நாய்க்குட்டிப் பல்லும்

குட்டி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் தேக்கு நாற்காலியின் முன்கால்கள் எலி கொறித்தாற்போல் ஆகிவிடும். அடுத்தது சோபாவின் அடிப்பட்டை, கட்டில் கால், பூஜை அறைக் கதவின் கீழ்மூலை. "நோ, நோ" என்று நாள் முழுக்கக் கத்தினால், கத்தும்போது விடும். நீங்கள் அடுப்படிப் பக்கம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். உங்களை எதிர்த்துக்கொண்டு அது இதைச் செய்யவில்லை. கடிக்க வேண்டும் என்கிற அரிப்பு தாடையில் இருக்கிறது. "நோ" என்ற சொல் அதற்கு எந்த வழியும் காட்டுவதில்லை. அடுத்த சில மாதங்களுக்கு அது எதையாவது கடித்தே தீரும். எதை என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் அதுவே முடிவு செய்துகொள்ளும். அதன் உயரத்துக்கு முதலில் கண்ணில் படுவது நாற்காலிக் கால்தான்.

ஆகவே வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும்: மரம் வாய்க்கு எட்டாமல் செய்வது, மரத்தைவிடப் பிடித்தமான ஒன்றை வாய்க்குக் கொடுப்பது, அதற்குப் பிறகு பழக்குவது. பல வீடுகளில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் இறங்குகிறார்கள். யாரும் பார்க்காத பத்து நிமிடத்தில் கட்டில் காலைக் கடித்துச் சுகம் கண்ட குட்டிக்கு, அந்தப் பத்து நிமிடமும் பயிற்சிதான். நீங்கள் கொடுத்ததைவிட நல்ல பயிற்சி.

பல் கணக்கு

நாய்க்குட்டிக்குப் பால்பல் 28. மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதக் குட்டியாக உங்கள் கைக்கு வரும்போது ஊசி ஊசியாக வாய் நிறைய இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் முன்பற்கள் விழத் தொடங்கும். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரைப்பற்கள் மாறும். ஆறு, ஏழு மாதத்தில் கடைவாய்ப் பற்களும் வந்து 42 நிரந்தரப் பற்கள் நிறைந்துவிடும். மரக்கடி உச்சத்தில் இருப்பது நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை. பொம்மையில் லேசாக இரத்தக் கறை, தரையில் அரிசி போல ஒரு பல் கிடந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பல்லைக் குட்டி விழுங்கிவிடும், உங்கள் கண்ணிலேயே படாது.

பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். புதுக் கோரைப்பல் முளைத்த பிறகும் பழைய பால்பல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உணவு சிக்கி ஈறு கெடும், கடிவாயும் கோணும்.

பல் முழுவதும் முளைத்தாயிற்று, இனி நிம்மதி என்று ஏழாவது மாதத்தில் குட்டியை வீடு முழுக்கச் சுற்ற விட்டுவிடுவதுதான் அடுத்த தவறு. எட்டு மாதத்திலிருந்து ஒரு வயது தாண்டும் வரை இன்னொரு சுற்று வரும். இப்போது ஈறு வலி கிடையாது. விடலைப் பருவம், உடம்பில் தெம்பு, தாடையில் முழுப் பலம். பால்பல்லால் கீறல் போட்ட அதே குட்டி இப்போது கட்டில் காலைச் சிராய்த் துண்டாகப் பெயர்க்கும். லேப்ரடார் மாதிரி வாயாலேயே உலகத்தை அறியும் இனங்களில் இது ஒன்றரை, இரண்டு வயது வரைகூட நீளும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வகைகள் ஓடத் தேவையான இடம் இல்லாமல் அடைபட்டால் அந்தத் தெம்பு கதவின் மேல்தான் இறங்கும்.

கடித்த இடம் என்ன சொல்கிறது

மருந்து தேடும் முன் கடிபட்ட இடங்களைச் சுற்றிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

நாற்காலிக் கால், மேஜையின் குறுக்குக்கட்டை, படுத்த நிலையில் வாய்க்கு எட்டும் உயரம், சின்னச் சின்னப் பல் தடங்கள் என்றால் ஈறு அரிப்பு. வாசல் நிலை, கதவின் கீழ்மூலை, கதவோரத் தரை என்று வெளியே போகும் வழிகளில் மட்டும், அதுவும் வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் நடந்திருந்தால் தனிமைப் பயம். அதற்குப் பல்லோடு சம்பந்தமே இல்லை. ஜன்னல் கட்டை கடிபட்டிருந்தால் தெருவில் போகும் நாயும் பூனையும் காரணம். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரை போட்டாலே பாதி குறையும். மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் வெறி பிடித்தாற்போல் ஓடி, சோபா, கால்சட்டை, கை என்று எதையும் கடித்தால் அது அதிகக் களைப்பு. அதற்குத் தேவை தூக்கம்; விளையாட்டுக் காட்டினால் இன்னும் மோசமாகும்.

சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பது, மண், சிமென்ட் தின்பது, மரத்தைக் கடிப்பதோடு நிற்காமல் விழுங்குவது ஆகியவை வேறு வகை. ஈறைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடித்திருக்கலாம். குடற்புழு மருந்து மூன்று மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுப்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"கால்சியம் குறைச்சல், அதான் மரத்தைக் கடிக்குது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கடையில் வாங்கும் குட்டி உணவு சாப்பிடும் நாய்க்குக் கால்சியம் டானிக் தேவையில்லை. வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு மிகைக் கால்சியம் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். பால்சோறு, தயிர்ச்சோறு மட்டுமே தின்னும் குட்டி என்றால் விஷயம் வேறு. அதில் புரதமும் போதாது, தாதுவும் போதாது. அப்போது மாற்ற வேண்டியது சாப்பாட்டையே.

எட்டாமல் செய்வது

வீடு முழுவதையும் பாதுகாக்க முயலாதீர்கள், முடியாது. ஒரு அறையையோ ஹாலின் ஒரு மூலையையோ குட்டிக்கு ஒதுக்குங்கள். இரும்புக் கம்பித் தடுப்பு அல்லது வாசலுக்குக் குறுக்கே போடும் குழந்தைத் தடுப்பு போதும். இரண்டரை அடி உயரமாவது வேண்டும். கம்பிகளின் இடைவெளியில் தலை நுழையக் கூடாது. உள்ளே மரச்சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, கடிக்கும் பொம்மை, அவ்வளவுதான். நீங்கள் கண் வைக்க முடியாத நேரம் முழுக்கக் குட்டி அங்கே. கண் வைக்க முடிகிற நேரம் வெளியே. வெளியே இருக்கும்போது லேசான ஆறடிக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டித் தரையில் இழுபட விடுங்கள். மரத்தை நோக்கிப் போனால் துரத்தாமல் கயிற்றை மிதித்து நிறுத்தலாம். தனியே விடும்போது கயிற்றைக் கழற்றிவிட வேண்டும், எதிலாவது சிக்கிக் கழுத்தை இறுக்கும்.

நகர்த்த முடியாத சாமான்களுக்குக் கவசம் போடலாம். உருண்டைக் கால்களுக்குப் பிவிசி பைப் போல் மலிவான தீர்வு வேறில்லை:

காலின் குறுக்களவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சற்றே பெரிய உள்ளளவுள்ள பைப்பை ஹார்டுவேர் கடையில் ஓரடித் துண்டுகளாக வெட்டி வாங்குங்கள். பெரிய இனக் குட்டி என்றால் ஒன்றரை அடி. ஆக்சா பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு பிளவு போடுங்கள். இரண்டு பாதியாகப் பிளக்க வேண்டாம், பிடிமானம் போய்விடும். வெட்டிய ஓரங்களை அரத்தாலோ உப்புத்தாளாலோ மழுங்கத் தேயுங்கள். விட்டால் குட்டியின் உதட்டையும் காலின் பாலிஷையும் கீறும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டால் பைப் இளகும். துணியால் பிடித்து விரித்துக் காலில் மாட்டினால் ஆறியதும் கவ்விக்கொள்ளும். பிளவு சுவர்ப் பக்கம் பார்த்திருக்கட்டும்.

சதுரக் கால், கதவு நிலை, அலமாரி மூலை ஆகியவற்றுக்கு அலுமினிய எல் ஆங்கிள், ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம். தரையிலிருந்து இரண்டடி உயரம். இருபக்க டேப்பால் ஒட்டலாம். சொந்த வீடாக இருந்தால் மேலும் கீழும் ஒரு சிறு ஸ்க்ரூ போடுவது நல்லது, டேப் நம் ஊர் வெயிலில் ஒரு மாதத்தில் இளகும். ஆங்கிளின் கீழ்முனை தரையைத் தொட வேண்டும். நடுவில் அரை அங்குலம் விட்டால் அந்த அரை அங்குலத்தைத்தான் குட்டி கடிக்கும்.

கயிறு சுற்றுவது, சாக்குத் துணி கட்டுவது, அலுமினியத் தாள் சுற்றுவது மூன்றும் வேண்டாம். முதலிரண்டும் மரத்தைவிடக் கடிக்கச் சுகமானவை. மூன்றாவது துண்டு துண்டாக வயிற்றுக்குள் போகும். பிளைவுட் சாமானின் ஓரப்பட்டி பெயர்ந்திருந்தால் உடனே ஒட்டுங்கள். அடுக்கடுக்காகப் பிரிந்து வரும் பிளைவுட்டை உரிப்பது குட்டிக்குப் பெரிய விளையாட்டு. பிரம்பு நாற்காலி, மூங்கில் ஸ்டூல் இருந்தால் ஒரு வருடத்துக்கு மாடிக்கு ஏற்றிவிடுங்கள். அவற்றைக் காப்பாற்ற முடியாது. பிளந்த பிரம்பு வாயில் குத்தும்.

மரத்தைவிட அவசரமானது மின்கம்பி. டிவிக்குப் பின்னால், இன்வெர்ட்டர் பக்கத்தில், சார்ஜரில் தொங்கும் எல்லாக் கம்பியையும் கேசிங் பட்டிக்குள்ளோ பைப்புக்குள்ளோ நுழைத்துவிடுங்கள். கடித்து ஷாக் அடித்து விழுந்தால் குட்டியைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். எழுந்து சாதாரணமாக நடந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

பழைய வீடுகளில் எனாமல் அடித்த கதவுகளைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கான 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் பல அடுக்காக இருக்கும் நிலையையும் ஜன்னலையும் கடிக்க விடாதீர்கள். கரையான் மருந்து அடித்த மரமும் அப்படித்தான்.

வாய்க்கு என்ன கொடுப்பது

கடைசியில் இதுதான் மரத்தைக் காப்பாற்றப்போகிறது. ஈறு அரிப்புக்குக் குளிர்ச்சியும், தாடைக்கு இணங்கிக் கொடுக்கும் கெட்டியும் வேண்டும்.

உள்ளே குழிவான இயற்கை ரப்பர் பொம்மைதான் முதல் தேர்வு. காங் என்ற பெயரில் வருவது பலருக்கும் தெரிந்திருக்கும். குட்டிகளுக்கு மென்மையான ரப்பரில் தனி வகை இருக்கிறது, அதை வாங்குங்கள். அளவு முக்கியம்: கடைவாய்க்குப் பின்னால் போகிற அளவு சிறியதாக இருந்தால் தொண்டையில் அடைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டை உள்ள பொம்மையை வாங்க வேண்டாம். நக்க நக்க உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு மாட்டிக்கொள்ளும். மறுபக்கத்தில் சிறு துளையாவது இருக்க வேண்டும், அதை உணவால் அடைத்துவிடவும் கூடாது.

நிரப்ப: குட்டியின் ஒரு வேளை உணவில் கால் பங்கை வெந்நீரில் ஊறவைத்து மசியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், கொஞ்சம் உதிர்த்த வேகவைத்த கோழி சேர்த்துப் பிசைந்து அடைத்து, ஆறு மணி நேரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது. முதல் இரண்டு நாள் உறைய வைக்காமல், எளிதாக வெளியே வரும்படி தளர்வாக அடையுங்கள். தொடக்கத்திலேயே கல்லாக உறைந்ததைக் கொடுத்தால் நான்கு நக்கு நக்கிவிட்டு நாற்காலிக்கே போய்விடும். "பொம்மை வாங்கிக் கொடுத்தும் பார்த்தாச்சு, தொடவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள். வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதானால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைலிட்டால் என்று இருந்தால் நாய் உள்ள வீட்டில் அந்த டப்பாவே வேண்டாம். கொஞ்சம் போனாலும் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும்.

செலவே இல்லாத வழி துண்டு. பழைய பருத்தித் துண்டில் ஓரடிக்கு ஓரடி கிழித்து, உப்பில்லாத கோழி வேகவைத்த தண்ணீரில் நனைத்து, முறுக்கி நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு நான்கு மணி நேரம் உறைய வையுங்கள். பக்கத்தில் இருந்து பத்து, பதினைந்து நிமிடம் கடிக்க விட்டு, இளகத் தொடங்கியதும் வாங்கிவிட வேண்டும். நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போனால் குடலைச் சுருக்கிவிடும். நல்ல பருமனான முழுக் கேரட்டை உறைய வைத்தும் கொடுக்கலாம். சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு கெட்டி கூடாது என்பதற்கு ஒரு சோதனை: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகவாவது பள்ளம் விழ வேண்டும். விழாத பொருள் பல்லை உடைக்கும். மான் கொம்பு, காய்ந்த பெரிய எலும்பு, கல் மாதிரி காய்ந்த பாலாடைக்கட்டிக் குச்சி எல்லாம் இதில் தோற்கும். வெந்த கோழி எலும்பு, மட்டன் எலும்பு சிலாம்பு சிலாம்பாகத் தெறித்துக் குடலைக் குத்தும். பெட் ஷாப்பில் தொங்கும் வெள்ளைத் தோல் முடிச்சு ஊறிப் பெருத்துத் தொண்டையில் நிற்கும். நம் வீடுகளில் சும்மா தூக்கிப் போடும் மூன்று பொருட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொட்டாங்குச்சி (உடைந்தால் கத்தி), தேங்காய் மட்டை (நார் குடலில் உருண்டையாகும்), மாங்கொட்டை (வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அடைக்கும்).

பழைய செருப்பைப் பொம்மையாகக் கொடுத்தால் புதுச் செருப்பும் பொம்மைதான். அதே கணக்கில், மரக்கட்டையையும் தோட்டத்துக் குச்சியையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். வேப்பங்குச்சி ஆகும், நாற்காலிக் கால் ஆகாது என்ற வித்தியாசம் குட்டிக்குப் புரியாது. குச்சியே அரளியாக இருந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து.

ஆறு பொம்மை இருந்தால் மூன்றை மட்டும் வெளியே வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். அலமாரியிலிருந்து திரும்பி வரும் பழைய பொம்மை அதற்குப் புதுசு.

கடிக்கும்போதே பிடித்தால்

ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டாம். துரத்தினால் அது விளையாட்டு. பிடுங்கினால் அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் விழுங்கிவிடக் கற்றுக்கொள்ளும். வாயைப் பிளந்து அடிக்கடி பிடுங்கப்பட்ட குட்டிகள்தான் பின்னால் உறுமத் தொடங்குகின்றன.

நிதானமாகப் பக்கத்தில் போய் "விடு" என்று ஒருமுறை சொல்லுங்கள். உடனே ஒரு துண்டு கோழியையோ பன்னீரையோ மூக்கு நுனிக்கு நேராகக் காட்டுங்கள். வாய் திறந்ததும் கொடுங்கள். அது மெல்லும்போதே இரண்டடி நகர்த்திக் கொண்டுபோய்ப் பொம்மையை வாயில் கொடுங்கள். பொம்மையைக் கடிக்கத் தொடங்கியதும் பாராட்டுங்கள். பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவார்கள். மரத்தைக் கடித்தால் வீடே திரும்பிப் பார்க்கிறது, பொம்மையைக் கடித்தால் யாரும் கண்டுகொள்வதில்லை என்றால், கவனம் வேண்டும்போதெல்லாம் குட்டி எங்கே போகும்?

"விடு" என்ற சொல்லை நெருக்கடியில் மட்டும் சொன்னால் பழகாது. தினம் மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை, அதற்கு அனுமதித்த பொம்மையை வைத்தே பழக்குங்கள். விட்டதும் தீனி கொடுத்துவிட்டு, பெரும்பாலும் பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் இழப்பில்லை என்று தெரிந்த குட்டி, உங்கள் மூக்குக் கண்ணாடியையும் ஒரு நாள் சொன்னதும் விடும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "லீவ் இட்", பாட்டி "ச்சீ போ", பையன் "டிராப்" என்றால் குட்டிக்கு அது மூன்று சத்தம், அவ்வளவுதான்.

வேலையிலிருந்து வந்து கடிபட்ட சோபாவைப் பார்த்துவிட்டுத் திட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயும், உரிமையாளர் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது. அந்த முகம் உங்கள் குரலுக்கான பதில். நான்கு மணி நேரத்துக்கு முன் கடித்த சோபா அதில் இல்லை.

கசப்பு தடவுவது

இது துணை மருந்து. மேலே சொன்னவற்றைச் செய்யாமல் இதை மட்டும் செய்தால் ஒரு வாரம் தாங்கும்.

பெட் ஷாப்பில் கசப்பு ஸ்ப்ரே கிடைக்கும். வீட்டிலேயே செய்வதானால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு. முதலில் ஒரு பஞ்சில் நனைத்துக் குட்டியை முகர்ந்து ருசி பார்க்க விடுங்கள். முகத்தைச் சுளித்துத் துப்பினால் வேலை செய்யும். வாசனையும் கெட்ட ருசியும் அதற்குள் ஒன்று சேர்ந்துவிடும். சில குட்டிகள் நக்கிக்கொண்டே நிற்கும். அவற்றுக்கு வேறு வழிதான். பிறகு மரத்தில் காலையும் மாலையும் தடவுங்கள். ஒரு நாளில் ஆவியாகிவிடும், இரண்டு வாரம் விடாமல் தடவினால்தான் பலன்.

பாலிஷைக் கவனிக்க வேண்டும். பழைய தேக்குச் சாமானில் பிரெஞ்சு பாலிஷ் இருந்தால் அது அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரையும். ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே அடித்தால் குட்டி செய்ததைவிட அதிகச் சேதத்தை நீங்கள் செய்வீர்கள். எதுவானாலும் காலின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மார்பிள் தரையில் வினிகர் சிந்தக் கூடாது, மெருகு போய்ப் புள்ளி விழும்.

மிளகாய்த்தூள் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதத்தில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும், குட்டி நாள் முழுக்க அவதிப்படும். வேப்பெண்ணெய் கசப்புதான், ஆனால் நக்கினால் குட்டியின் வயிற்றுக்கு ஆகாது, மரத்திலும் கறை விழும். கற்றாழையின் மஞ்சள் பால் வாந்தியும் பேதியும் தரும். எருக்கம்பாலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தூக்கம், வேலை, தனிமை

குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் அது தானாகத் தூங்காது. குழந்தையைப் போலத் தூங்க வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் தடுப்புக்குள், வெளிச்சம் குறைத்து, உறைந்த பொம்மையோடு. மாலை நேர வெறிக்கடி இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

விழித்திருக்கும் நேரத்தில் மூக்குக்கு வேலை கொடுங்கள். தட்டில் கொட்டும் உணவில் பாதியைத் துண்டில் பரப்பிச் சுருட்டிக் கொடுத்தால் பிரித்துத் தின்ன பத்து நிமிடம் ஆகும். அட்டை முட்டைத் தட்டின் குழிகளில் போட்டும் கொடுக்கலாம், அட்டையைத் தின்னாத குட்டியாக இருந்தால். தடுப்பூசி முடிந்த பிறகு காலை ஏழு மணிக்கு முன் ஒரு நடை, வெயில் தாழ்ந்து இன்னொன்று. இழுத்துக்கொண்டு போகாமல் நின்று முகர விடுங்கள். கோடையில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் வைக்கக் கூடாது.

தனியே விடும் நேரத்துக்கும் அளவு இருக்கிறது. சிறுநீர் அடக்கும் கணக்கே நல்ல வழிகாட்டி: வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம். மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரம், அதுவே எல்லை. தனிமையைப் பழக்குவதை முதல் வாரமே தொடங்குங்கள். பொம்மையைக் கொடுத்துவிட்டு அறையை விட்டுப் பத்து வினாடி போங்கள். அது அழுவதற்குள் திரும்பி, ஆர்ப்பாட்டம் இல்லாமல் உள்ளே வாருங்கள். அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று நாள் கணக்கில் கூட்டுங்கள்.

நீங்கள் கிளம்பி அரை மணிக்குள்ளேயே ஊளை, எச்சில் ஒழுகல், கதவுப் பிறாண்டல், வைத்த தீனியைத் தொடாமலே இருப்பது என்றால் அது பயம் முற்றிய நிலை. அந்தக் குட்டியைக் கூண்டில் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். டாக்டரிடம் பேசுங்கள். அதுவரை யாராவது கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

விழுங்கிவிட்டால்

நெல் அளவு சிராய் ஓரிரண்டு போனால் பெரும்பாலும் மலத்தில் வந்துவிடும். இரண்டு நாள் மலத்தைக் கவனியுங்கள். விரல் நீளத் துண்டு காணவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்: கூரான மரம் வரும் வழியிலும் குத்தும், உப்பே நஞ்சாகவும் ஆகும்.

தொடர் வாந்தி, சாப்பாட்டை மறுப்பது, வயிற்றைத் தொட்டால் முனகல், மலம் போக முக்குவது, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். திடீரென்று வாயைக் காலால் பிறாண்டி, எச்சில் வடித்து, தலையை உதறினால் வாய்க்குள் மேல் அண்ணத்தைப் பாருங்கள். இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் ஒரு குச்சி குறுக்கே மாட்டியிருக்கும். லேசாக அசைந்தால் எடுக்கலாம். அசையாவிட்டால் இழுக்காதீர்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையின் எண்ணை இன்றே ஃபோனில் சேமித்து வையுங்கள். பெயின்ட், கரையான் மருந்து சம்பந்தப்பட்டிருந்தால் டப்பாவையோ அதன் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள்.

கடிபட்ட மரத்தை என்ன செய்வது

உடனே பாலிஷ் போட வேண்டாம், மறுபடி கடிக்கும். ஆனால் அப்படியே விடவும் கூடாது. சொரசொரப்பான இடமும் அதில் ஊறிய எச்சில் வாசனையும் குட்டியைத் திரும்ப அழைக்கும். 80ஆம் நம்பர் உப்புத்தாளால் சிராயைத் தேய்த்து எடுத்து, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் பைப்பையோ ஆங்கிளையோ மாட்டிவிடுங்கள். தேய்த்த தூளைப் பெருக்கி எடுத்த பிறகு குட்டியை உள்ளே விடுங்கள்.

கடி நின்று மூன்று மாதம் ஆன பிறகு பழுது பார்க்கலாம். தேக்குத் தூளில் பெவிகால் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து பள்ளத்தில் கொஞ்சம் மேடாகவே அடையுங்கள், காய்ந்தால் இறங்கும். ஒரு நாள் கழித்து 120, பிறகு 220 நம்பர் தாள். மூலையே போயிருந்தால் இது நிற்காது. ஆசாரியைக் கூப்பிட்டு அந்த இடத்தை வெட்டித் துண்டு ஒட்டச் சொல்வதுதான் முறை. எபாக்சி பட்டி, தின்னர், பாலிஷ் மூன்றும் முழுதாகக் காயும் வரை குட்டி அந்தப் பக்கம் வரக் கூடாது. கவசங்களை ஒரேயடியாகக் கழற்றாமல் வாரத்துக்கு ஒரு சாமான் என்று கழற்றுங்கள். முதலில் விலை குறைந்த ஸ்டூல், கடைசியில் தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி.